ஜன்னலுக்கு எது நல்லது? முதல்ல சுவரைப் பாருங்க

"பராமரிப்பே வேண்டாம் சார். மாட்டிட்டு மறந்துடலாம்."

ஜன்னல் விக்கிறவங்க சொல்ற இந்த ஒரு வரி மேல எனக்கு அவ்வளவு கோவம்.

நாகப்பட்டினத்துல தங்கச்சி வீடு கட்டுறா. கடல் காத்து நேரா வந்து அடிக்கிற தெரு. ஜன்னல் விஷயத்தை மட்டும், "அண்ணே, நீயே பாத்துச் சொல்லிடு"ன்னு என்கிட்ட விட்டுட்டா. மாப்பிள்ளையும் தலையாட்டிட்டார். அப்புறம் என்ன? மரக்கடை, வெல்டிங் பட்டறை, அலுமினியக் கடை, யுபிவிசி ஷோரூம்னு ஏறி இறங்கினேன். போன இடமெல்லாம் ஒரே பேச்சுதான். "வீடு முழுக்க நம்ம பொருளையே போட்டுடுங்க."

எந்த ஊரு, கடல் எவ்வளவு தூரம், ஜன்னல் எந்தத் திசையைப் பாக்குது, மேல சன்ஷேட் இருக்கா இல்லையா. இதையெல்லாம் ஒருத்தர்கூடக் கேக்கல. அந்த ஆத்திரம்தான் இந்தப் பதிவு.

என் முடிவை முதல்லயே சொல்லிடறேன். வீட்டுக்கு ஒரு பொருள்னு முடிவு பண்ணாதீங்க. சுவருக்குச் சுவர் முடிவு பண்ணுங்க. கிழக்குச் சுவருக்கு வர்ற எதிரி வேற, மேற்குச் சுவருக்கு வர்றது வேற. குளியலறைக்குள்ள இருக்கறது இன்னும் வேற. உப்பு, மழை, வெயில், கறையான்னு நாலு பேர். இந்த நாலு பேருக்கும் ஒண்ணா ஈடு கொடுக்கிற பொருள் எதுவும் என் கண்ணுல படல.

கடைக்காரங்க பேச்சை மட்டும் நம்பவேண்டாம்னு, போன இடத்துல எல்லாம் வெட்டிப் போட்ட துண்டு ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வந்தேன். (கேட்டா கொடுக்கிறாங்க, தயங்காதீங்க.) இரும்பு, ஜிஐ, அலுமினியம், யுபிவிசி, தேக்கு, வேங்கை. எல்லாத்தையும் தங்கச்சி இப்ப குடியிருக்கிற வாடகை வீட்டு மொட்டை மாடியில, கடலைப் பாத்த கைப்பிடிச் சுவர் மேல வரிசையா கட்டி வச்சேன். கோடை வெயில்ல இருந்து ஐப்பசி, கார்த்திகை மழை வரைக்கும் அங்கேயே கிடந்துச்சு. போறப்பல்லாம் மேல ஏறிப் பாப்பேன். எந்தக் கையேட்டையும் விட அந்தத் துண்டுகள்தான் எனக்கு நிறைய சொல்லிக்கொடுத்துச்சு.

சரி, ஒண்ணொண்ணா வருவோம்.

மரம்

நம்ம ஊர்ல ஜன்னல்னா முதல்ல மனசுல வர்றது தேக்குதான். காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளைப் பாத்திருப்பீங்க. கப்பல்ல வந்த பர்மாத் தேக்கு, நூறு வருஷம் தாண்டி இன்னும் கல்லு கணக்கா நிக்குது. "அந்தக் காலத்து மரம்"னு எல்லாரும் பெருமூச்சு விடுறோம்.

மரம் நல்ல மரம்தான், அதுல சந்தேகமில்ல. ஆனா அந்த வீடுகளோட தாழ்வாரத்தையும் கொஞ்சம் பாருங்க. வெயிலும் மழையும் ஜன்னல் வரைக்கும் வந்து சேரவே விடாத கூரை. நிழல்ல வாழ்ந்த மரம் அது. இன்னைக்கு நாம ஒண்ணரை அடி சன்ஷேட் போட்டுட்டு, அதே ஆயுசை எதிர்பாக்குறோம். அது நடக்காது.

மரத்துல பாக்கவேண்டியது வைரம். நடுப்பகுதி கருத்து, இறுகி இருக்கும். அதுலதான் கறையானை விரட்டுற எண்ணெய்ச் சத்து இருக்கு. வெளி வட்டத்துல வெளுப்பா இருக்கறதை ஆசாரிங்க "வெள்ளை"ம்பாங்க. அது தேக்கா இருந்தாலும் கறையான் தின்னுடும். தேக்குங்கிற பேரு அதைக் காப்பாத்தாது. சீக்கிரமா வளத்து வெட்டுற தோட்டத் தேக்குல வெள்ளை அதிகம். "நிலம்பூரா, பர்மாவா, ஆப்பிரிக்காவா"ன்னு ஊர் பேரைக் கேக்கறதோட நிறுத்தாம, சட்டத்தோட நாலு பக்கத்தையும் திருப்பிப் பாருங்க. ஒரு மூலையில வெளுப்பு ஓடியிருந்தா, அதை ஒதுக்கச் சொல்லுங்க.

அடுத்தது ஈரம். மரம் மழைக்காலத்துல உப்பும், கோடையில சுருங்கும். அதுவும் நீளவாக்குல இல்ல, அகலவாக்குல. ஐப்பசியில கதவு இறுகுறது அதனாலதான். நல்லா காஞ்ச மரமா இருந்தா இந்த ஆட்டம் குறையும். பெரிய மரக்கடைகள்ல ஈரம் பாக்கிற மீட்டர் வச்சிருக்காங்க. குத்திக் காட்டச் சொல்லுங்க. 12 சதவீதத்தை ஒட்டி இருந்தா தைரியமா வாங்கலாம்.

வேங்கை பத்தி ஒரு வார்த்தை. பலமான மரம், தேக்கை விட விலை கம்மி. ஆனா நனைஞ்சா சாயம் விடும். (வேங்கைக் குவளையில தண்ணி ஊத்தி வச்சா நிறம் மாறுதே, அதே சமாச்சாரம்தான்.) மாடியில கட்டி வச்ச என் வேங்கைத் துண்டு முதல் மழைக்கே சுவர்ல பழுப்புக் கோடு இழுத்துடுச்சு. அதனால, மழை படுற ஜன்னலுக்கு வேங்கை போட்டா, சுவருக்கு வெள்ளை அடிக்கிறதுக்கு முன்னாடியே மரத்துக்கு எல்லாப் பக்கமும் பூச்சு முடிஞ்சிருக்கணும்.

வேம்பும் நல்ல மரம்தான். சொந்தக் கொல்லையில நின்ன மரத்தை அறுத்துப் போட்டுக்கறவங்க நம்ம பக்கம் நிறைய பேர். அறுத்த கையோட இழைச்சு மாட்டாம, நிழல்ல அடுக்கிக் காயவிட்டுட்டு செஞ்சா நல்லா உழைக்கும்.

நான் பேசின ஆசாரி ஒரு விஷயம் சொன்னார். "தம்பி, கண்ணுக்குத் தெரியிற பக்கத்துக்கு எல்லாரும் பாலிஷ் போடுறாங்க. சுவருக்குள்ள போற பக்கத்தை யாரு பாக்குறா? கறையான் அந்த வழியாத்தானே வருது." சுவரைத் தொடுற முதுகுப் பக்கத்துக்குத் தார் பூசிட்டு அப்புறம் நிலையை வைக்கச் சொன்னார். செலவு ரொம்பக் கம்மி. அதைச் செய்யாம விட்டா, பின்னாடி சுவரை இடிச்சுத்தான் சரி பண்ணணும்.

மரத்துக்கு நான் கொடுக்கிற பெரிய மதிப்பெண் வேற ஒண்ணுக்கு. மரத்தை ரிப்பேர் பண்ணலாம். இறுகினா சீவலாம், அடி செத்துப்போனா அந்தத் துண்டை மட்டும் வெட்டிட்டு ஒட்டுப் போடலாம். எந்தக் கம்பெனிக்கும் போன் பண்ண வேண்டாம், தெருவுல இருக்கிற ஆசாரி போதும்.

இரும்பு

கடல் பக்கத்துல இல்லாத ஊர்ல இரும்பு ஜன்னலை நான் குறை சொல்லமாட்டேன். ஒல்லியா இருக்கும், பலமா இருக்கும், வெளிச்சம் நிறைய வரும். கறையான் பயம் கிடையாது. வெல்டிங் பட்டறையில நாம சொல்ற அளவுக்கே செஞ்சு வாங்கலாம்.

கடலோரத்துல கதை வேற. துரு பிடிச்ச இரும்பு தன்னோட பழைய இடத்துல அடங்காது. ரெண்டு மடங்குக்கு மேல பருத்துடும். அதனாலதான் ஜன்னல் ஓரத்துல முதல்ல பெயிண்ட் உப்பும், அப்புறம் சிமெண்ட் பூச்சு வெடிக்கும். அந்த வாடகை வீட்டுலயே இரும்பு ஜன்னலைச் சுத்தி சுவர் பிளந்து நிக்குது. ஜன்னலை மட்டும் மாத்தினா போதாது, கொத்தனாரும் வரணும்.

ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசின இரும்பு, எவ்வளவோ மேல். மேல இருக்கிற துத்தநாகம் தன்னைக் கொடுத்து உள்ள இருக்கிற இரும்பைக் காப்பாத்தும். சின்னக் கீறல் விழுந்தாக்கூட சுத்தியிருக்கிற துத்தநாகம் முந்திக்கும். ஆனா வெல்டிங் வைக்கிற இடத்துல அந்தப் பூச்சு எரிஞ்சு போயிடும். என் ஜிஐ துண்டுல உடம்பெல்லாம் சுத்தமா இருந்துச்சு, வெல்டிங் வச்ச மூலை மட்டும் செவந்துபோச்சு. முழுசா செஞ்சு முடிச்சதுக்கு அப்புறம் உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுக்கிற முறை ஒண்ணு இருக்கு. கடலோரத்துல இரும்பு வேணும்னா, அதுதான் சரியான வழி.

அலுமினியம்

லேசு. துருப்பிடிக்காது. எட்டடி அகலத்துக்கு ஒரே ஜன்னல் வேணுமா? தைரியமா அலுமினியத்துக்குப் போங்க. யுபிவிசியை விட இருபது மடங்குக்கு மேல விறைப்பு இதுக்கு. அதனாலதான் ஒல்லிச் சட்டத்துலயே பெரிய கண்ணாடியைத் தாங்குது.

துருப்பிடிக்காதுன்னா உப்பு ஒண்ணும் பண்ணாதுன்னு அர்த்தமில்ல. பூச்சு சேதமான இடத்துல உப்பு உக்காந்தா, வெள்ளை வெள்ளையா பொரிஞ்சு குழி விழும். என் துண்டுல வெட்டின ஓரத்துலதான் அது ஆரம்பிச்சுது, பூச்சு மெதுவா கொப்புளிச்சு மேல வந்துச்சு. அதனால வெட்டி, துளை போட்டு, எல்லா வேலையும் முடிஞ்ச பிறகு அந்த ஓரங்களை என்ன பண்ணுவீங்கன்னு கடையில கேளுங்க. பூச்சு எத்தனை மைக்ரான்னும் கேளுங்க. பவுடர் கோட்டிங்னா 60க்குக் கீழ போகவேண்டாம். அனோடைஸ் பண்ணினதுன்னா கடலோரத்துக்கு 25.

இன்னொரு எதிரி ஈர சிமெண்ட். அதுல இருக்கிற காரம் அலுமினியத்தை அரிக்கும், கறை விழுந்தா போகாது. பூச்சு வேலை முடியுற வரைக்கும் அந்த பிளாஸ்டிக் டேப்பைப் பிரிக்க விடாதீங்க. (அழகா இருக்குன்னு சீக்கிரமே பிரிச்சுப் பாக்கிறவங்க நிறைய பேர்!)

சூடு? அலுமினியம் யுபிவிசியை விட ஆயிரம் மடங்குக்கு மேல சூட்டைக் கடத்தும். மத்தியானம் மேற்குப் பக்கச் சட்டத்தை உள்ளே இருந்து தொட்டுப் பாத்தா கை சொல்லிடும். நடுவுல பாலிஅமைடு பட்டை வச்சு, வெளிச் சட்டத்தையும் உள் சட்டத்தையும் பிரிக்கிற வகையும் வருது. விலை கூட. ஏசி ஓடிட்டே இருக்கிற அறைன்னா யோசிக்கலாம்.

ஆனா ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். ஜன்னல்ல பெரும்பகுதி கண்ணாடிதான். சாதாரணத் தெளிவான கண்ணாடி, தன் மேல விழுற வெயில் சூட்டுல 80 சதவீதத்துக்கும் மேல உள்ளே விட்டுடும். அதை விட்டுட்டு சட்டத்தோட சூட்டைப் பத்தி மட்டும் பேசறதுல அர்த்தமில்ல. வெயில் கண்ணாடியைத் தொடாம வெளியிலேயே நிறுத்தறதுதான் வைத்தியம். மேற்குல சூரியன் தாழ்வா வந்து அடிக்கும், சன்ஷேட் மட்டும் போதாது. மூங்கில் தட்டி, பக்கவாட்டுத் தடுப்பு, ஒரு மரம்னு ஏதாவது வேணும்.

யுபிவிசி

இன்னைக்கு எல்லாரும் இதுக்குத்தான் ஓடறாங்க. காரணமும் இருக்கு. உப்புக்கு அசராது, கறையானுக்கு இரையாகாது, ஈரத்துல உப்பாது. மூலைகளைச் சூடு பண்ணி உருக்கி ஒட்டறதால அந்த வழியா தண்ணி இறங்காது. சமையலறை எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால துடைச்சா போயிடும். மாடியில கிடந்த துண்டுகள்ல கடைசி வரைக்கும் மாறாம இருந்தது இதுதான்.

அப்ப ஏன் வீடு முழுக்க இதையே போடக்கூடாது?

முதல் விஷயம், தனியா இதுக்கு விறைப்பு போதாது. சட்டத்துக்குள்ள ஜிஐ பட்டை நுழைச்சாத்தான் காத்துக்கு நிக்கும். அந்தப் பட்டை உள்ளே இருக்கறது கண்ணுக்குத் தெரியாது. நான் கையோட ஒரு காந்தம் எடுத்துட்டுப் போனேன். சட்டம் நெடுக நகத்திப் பாத்தா எங்க ஒட்டுது, எங்க நழுவுதுன்னு தெரிஞ்சுடும். ஒரு கடையில மாதிரி ஜன்னல்ல காந்தம் கீழ்ச் சட்டத்துல ஒட்டுச்சு, பக்கச் சட்டத்துல வழுக்கிட்டே போச்சு. கேட்டா, "சின்ன ஜன்னலுக்கு வேண்டாம் சார்"னாங்க. 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறினதைப் பாத்த ஊரு இது. இங்கே வந்து அப்படிச் சொல்றதை நான் ஒத்துக்கமாட்டேன்.

ரெண்டாவது, இது சூட்டுக்கு நீளும். 2 மீட்டர் சட்டம், 30 டிகிரி வெப்பம் கூடினா 4 மில்லிமீட்டருக்கு மேல வளரும். அதே நீள அலுமினியம் ஒண்ணரை மில்லிமீட்டர்கூட வளராது. அதனால சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவுல இடைவெளி விட்டு, சிலிகான் போட்டு அடைக்கணும். சிமெண்ட் வச்சு இறுக்கிப் பூசிட்டாங்கன்னா வெயில்ல சட்டம் வளைஞ்சு, கதவு சரியா மூடாது. அடர் நிறம்னா சூடு இன்னும் ஏறும். மேற்குச் சுவருக்கு வெள்ளைதான் என் சிபாரிசு.

மூணாவது, ரிப்பேர். கீலோ பூட்டோ உடைஞ்சா அந்தக் கம்பெனி உதிரிதான் வேணும். தெரு முனையில கிடைக்காது. வாங்கறப்பவே உதிரி எங்கே கிடைக்கும்னு கேட்டு வச்சுக்கோங்க.

(சிமெண்ட் நிலை, கல் நிலை, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து வர்ற டபிள்யூபிசி நிலை பத்தியும் கேப்பீங்க. நிலைக்கு மூணுமே கறையான் தொல்லை இல்லாதது. குளியலறை மாதிரி இடங்களுக்குத் தாராளமா போடலாம். சிமெண்ட் நிலையில உள்ளே இருக்கிற கம்பிக்கு மேல கான்கிரீட் போதுமான அளவு மூடியிருக்கான்னு மட்டும் பாருங்க, இல்லன்னா திரும்பவும் துரு கதைதான்.)

யாரும் பேசாத ரெண்டு விஷயம்

ஒண்ணு, கிரில்.

நம்ம ஊர்ல கம்பி இல்லாத ஜன்னல் ஏது? மர ஜன்னல்ல கம்பி நிலைக்குள்ளேயே வந்துடும். யுபிவிசி, அலுமினியம்னா தனியா கிரில் செஞ்சு சுவர்ல அடிக்கணும். எதுல? சாதாரண இரும்புல! துருவுக்குப் பயந்து விலை கொடுத்து யுபிவிசி வாங்கிட்டு, அது மேலயே இரும்பு கிரில்லை மாட்டி, துருத் தண்ணி வெள்ளைச் சட்டத்துல ஒழுகி நிக்கிற வீடுகள் இந்த ஊர்ல தெருவுக்குத் தெரு இருக்கு. பாக்கவே வயிறு எரியுது. ஜன்னலுக்குப் போட்ட பணத்துல கொஞ்சம் குறைச்சு கிரில்லுக்குப் போடுங்க. துத்தநாகத்துல முக்கி எடுத்தது, இல்லன்னா 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 ரகம் கடல் காத்துல பழுப்பேறும். 316ல மாலிப்டினம் சேத்திருக்கறதால உப்பைத் தாங்கும். கீல், ஸ்குரூ வரைக்கும் இதே கணக்குதான். கடலோர வீட்டுல சட்டத்துக்கு முன்னாடி சாகறது கீலும் ஸ்குரூவும்தான்.

ரெண்டு, இழுத்துத் திறக்கிற ஸ்லைடிங் ஜன்னல்.

இதுல பாதிதான் திறக்கும். நாலுக்கு நாலு ஜன்னல்னா 16 சதுர அடி, காத்து வர்றது 8 சதுர அடிக்கும் கீழ. 2016 தேசியக் கட்டட விதித் தொகுப்பு, நம்ம கடலோரம் மாதிரி வெக்கையும் ஈரமும் சேந்த ஊருக்கு, தரைப் பரப்புல ஆறுல ஒரு பங்கு திறப்பு வேணும்னு சொல்லுது. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 20 சதுர அடி. ஸ்லைடிங் ஜன்னல் வச்சு அந்தக் காத்தை வாங்கணும்னா 40 சதுர அடி ஜன்னல் வேணும். முடியிற காரியமா?

அதோட, மழையைக் காத்து தள்ளிட்டு வர்றப்ப ஸ்லைடிங்ல கீழ்த் தடத்து வழியா தண்ணி உள்ளே ஏறும். வெளியே திறக்கிற கதவுன்னா, காத்து அடிக்க அடிக்க குக்கர் காஸ்கெட் மாதிரி ரப்பர் இன்னும் இறுகும். கடையிலேயே ஒரு சோதனை பண்ணிடுங்க. தடத்துல ஒரு குவளை தண்ணி ஊத்தச் சொல்லுங்க. வெளிப் பக்கத் துளை வழியா சட்டுனு வடியணும். தேங்கி நின்னா அந்த ஜன்னல் வேண்டாம்.

தங்கச்சி வீட்டுக்கு என்ன போட்டோம்

கிழக்கு, கடலைப் பாத்த சுவர், வடகிழக்கு மழை நேரா அடிக்கிற இடம்: வெள்ளை யுபிவிசி, வெளியே திறக்கிற கதவு, நாலு பக்கமும் உள்ளே ஜிஐ பட்டை, 316 கீல். கிரில் உள்பக்கம்.

சமையலறை, குளியலறை: அதே யுபிவிசி, சின்ன அளவு.

மேற்கு: ஜன்னலையே சின்னதாக்கிட்டோம். வெளியே தட்டி மாட்ட இரும்புக்குப் பதிலா ஸ்டெயின்லெஸ் கொக்கி.

வடக்குல மாடி பால்கனிக்கு அகலத் திறப்பு: அலுமினியம். மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது நல்ல தண்ணி ஊத்திக் கழுவி விடறதா மாப்பிள்ளை பொறுப்பேத்துக்கிட்டார்.

முன்பக்கத் திண்ணைக்கு மேல அகலமான தாழ்வாரம் வருது. அதுக்குக் கீழ மட்டும் மரம். அதுவும் புதுசு இல்ல, பிரிச்ச பழைய வீட்டுல இருந்து வந்த தேக்கு ஜன்னல், கம்பியோட. பழைய மரக்கடையில இதைப் பாத்த அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. காய வேண்டியதெல்லாம் எப்பவோ காஞ்சு முடிஞ்ச மரம். ஆசாரி தட்டிப் பாத்தார், ஆணி தேடினார், முதுகுப் பக்கம் திருப்பிக் கறையான் தடம் இருக்கான்னு பாத்தார். "இதை விட்டுடாதீங்க தம்பி"ன்னு ஒரே வார்த்தை.

விதவிதமா ஜன்னல் இருந்தா வீடு அழகா இருக்காதேன்னு அம்மாதான் கவலைப்பட்டாங்க. ஒரே திசையில ஒரே பொருள்தானே வருது, ஒரு பக்கம் நின்னு பாக்கிறவங்களுக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்னு சொல்லிப் புரிய வச்சோம்.

உங்க வீடு கோயம்புத்தூர்ல இருந்தா இந்தப் பட்டியல் அப்படியே மாறும். உப்பு இல்ல, இரும்பும் ஜிஐயும் தாராளமா உள்ளே வரலாம். கன்னியாகுமரிப் பக்கம்னா அயனியும் பலாவும் பக்கத்துலயே கிடைக்கும். அதனால என் பட்டியலைக் காப்பி அடிக்காதீங்க, கேள்விகளை மட்டும் எடுத்துக்கோங்க.

கொட்டேஷன் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் மத்தியானம் மூணு மணிக்கு உங்க கட்டடத்தைச் சுத்தி ஒரு நடை நடங்க. எந்தச் சுவர்ல வெயில் காயுது, எது நிழல்ல இருக்கு, போன மழையில எது நனைஞ்சுதுன்னு ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு வரி எழுதுங்க. அந்தத் தாளோட கடைக்குப் போங்க. சதுர அடி விலையில கிரில், கொசு வலை, கண்ணாடி, மாட்டுக்கூலி எல்லாம் சேந்திருக்கான்னு எழுத்துல வாங்குங்க.

தாளைப் படிச்சுப் பாத்துட்டு, "இந்த ஜன்னலுக்கு என் பொருள் வேண்டாம், வேற போடுங்க"ன்னு ஒரு கடைக்காரர் சொன்னார்னா, மிச்ச ஜன்னல் எல்லாத்தையும் அவர்கிட்டயே கொடுங்க.